கட்டில் காலில் காப்பு

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது மேரி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிப் படுத்திருந்தாள். மே மாதக் கடைசி. எங்கள் ஆவூர்ப் பக்கம் காலை ஒன்பது மணிக்கே தளம் கொதிக்க ஆரம்பித்துவிடும். மின்விசிறி போட்டால் அது அந்தச் சூட்டையே வாரி நம் மேல் கொட்டும். அந்த வெக்கையில் ஒரு மனுஷி போர்வைக்குள் கிடக்கிறாள் என்றால், ஒன்று குளிர்காய்ச்சல், இல்லாவிட்டால் திருட்டுத்தனம். போர்வையின் நடுவில் நீலமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. காய்ச்சல் இல்லை என்று நிம்மதியாயிற்று.

"எத்தனை பேருகிட்ட பேசுன?" என்றேன்.

"ஒருத்திக்கிட்டதான்" என்றது போர்வை. கொஞ்சம் பொறுத்து, "நாலு பேரு" என்று திருத்திக்கொண்டது. மேரிக்கு முழுப் பொய் சொல்ல வராது. அதிலும் நான் அப்போதுதான் பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்திருந்தேன்.

என் மனைவி அடைக்கலமேரி கிராம சுகாதாரச் செவிலியர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் புழங்குவதில்லை. சுற்றியுள்ள ஏழு ஊர்களுக்கும் அவள் நர்ஸம்மா. பங்கிராஸ் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பள்ளிக்கூட வேன் ஒன்று சொந்தமாக வைத்து ஓட்டுகிறேன். வேனின் பக்கவாட்டில் பள்ளியின் பெயர் ஓரடி எழுத்தில் இருந்தாலும் எல்லோருக்கும் அது 'நர்ஸம்மா வேன்'. நான் 'நர்ஸம்மா வீட்டுக்காரர்'. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை, கொஞ்சம் பெருமைதான்.

பன்னிரண்டு நாளைக்கு முன் திருச்சியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாற்பத்தைந்து நாள் மருத்துவ விடுப்பு. கனம் தூக்கக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, பைக்கில் உட்காரக் கூடாது என்று டாக்டரம்மா வரிசையாகச் சொன்னபோது மேரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். யாரோ ஒரு பேஷண்டைப் பற்றிக் கேட்டுக்கொள்கிற மாதிரி ஆட்டினாள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் இதே பட்டியலைக் கையை நீட்டி நீட்டி ஏழு ஊர்ப் பெண்களுக்கும் சொல்லிக் கேட்காதவர்களைத் தெருவில் வைத்துத் திட்டியவள் அவள்.

நான் பயந்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இரண்டரை மணி நேரம் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்பது மறந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டே இருந்தேன். பிரசவம் பார்க்க என்று ராத்திரியில் எழுந்து அவள் போன நாட்கள் எத்தனையோ உண்டு. திரும்பி வரமாட்டாளோ என்று நான் நினைத்தது அன்று ஒருநாள்தான்.

எங்கள் மகள் ரீட்டா திருச்சியில் இருக்கிறாள். அம்மாவைப் பத்து நாள் பார்த்துவிட்டுப் போகும்போது என்னைக் காவலுக்கு நியமித்துவிட்டுப் போனாள். பள்ளி விடுமுறை, வேனும் சும்மா நிற்கிறது, நானும் சும்மா இருக்கிறேன். "அம்மாகிட்ட போனக் குடுத்தீங்கன்னா நான் வந்து உங்ககிட்டதான் சண்டை போடுவேன்" என்றாள். நான் அரிசி டிரம்முக்குள் போனைப் புதைத்து வைத்தேன். மேரி அதைத் தேடவே இல்லை. அவளைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த பெண்ணிடம், "ஒரு மிஸ்டு கால் குடு ஆத்தா" என்றாள். அடுப்படியில் அரிசி பாடியது. அன்றோடு என் காவல் பதவி பாதி போய்விட்டது.

மேரியின் இடத்துக்கு, பக்கத்துத் துணைச் சுகாதார நிலையத்திலிருந்து இந்துமதி என்ற பெண் கூடுதல் பொறுப்பில் வந்திருந்தாள். திருமயம் பக்கத்துப் பெண். நல்ல சுறுசுறுப்பு. தன் ஊர்களும் மேரியின் ஊர்களுமாக, ஒரு ஸ்கூட்டியில் பதினாலு ஊரையும் சுற்றிக்கொண்டிருந்தாள். மேரி அவளைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அவளைக் கூப்பிட்டு, "அந்தத் தெருவுல நாய் கடிக்கும், இங்கிட்டுப் போ", "அந்த வீட்டுல மாமனாருக்குக் காது கேக்காது, சத்தமாப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விடுப்பில் இருக்கிறவள் செய்கிற வேலையா இது என்று கேட்டால், "வேலை எங்க செய்யுறேன்? படுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பாள்.

அன்று போனைப் பிடுங்கிக்கொண்டு, வாங்கி வந்த கோழிக்கறியோடு நான் அடுப்படிக்குப் போனேன். இஞ்சியை நசுக்கிக்கொண்டிருக்கும்போது குளத்துக்கு அக்கரையிலிருந்து, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங், ஒன், டூ" என்று ஒரு குரல் கேட்டது. பின்னாலேயே அம்மன் பாட்டு. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் மேரி வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"வேங்கைப்பட்டியில ரேடியோ கட்டிட்டாங்க" என்றாள். "இன்னிக்கா காப்பு?"

வேங்கைப்பட்டி குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். அங்கே அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாள் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் யாரும் வெளியில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்வதற்குள் எல்லைக்கல்லுக்கு உள்ளே வந்துவிட வேண்டும். காப்புக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டு கிடையாது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற குடும்பத்தில் பிறந்த மேரிக்கு அந்த ஊர் வழக்கம் அத்தனையும் மனப்பாடம். அதற்குக் காரணம் இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன் ரீட்டா முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மைச் சடங்குக்காக மேரி ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தாள். அந்த வாரத்தில் அங்கே காப்புக் கட்டினார்கள். பிச்சையம்மாள் என்ற பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது, ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னார்கள், காப்புக் கட்டியிருப்பதால் வீட்டார் தங்க வைக்கவில்லை, பொழுதோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. மேரி யாரையும் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷத்திலிருந்து அவள் டைரியில் ஒவ்வொரு சித்திரையிலும் 'காப்புக்கு முன்' என்று தலைப்பு எழுதி ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவாள். அந்தப் பக்கத்தில் எந்தெந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்குகிறது, யாரை எந்தத் தேதிக்குள் ஊரிலிருந்து கிளப்ப வேண்டும் என்று இருக்கும்.

இந்த வருஷத்துப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ராக்காயி மருமகள் அன்புச்செல்வி. தலைப்பிரசவம், முப்பத்தேழு வாரம், பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. வழக்கமாக வைகாசி மூன்றாம் ஞாயிறுதான் காப்பு என்று நினைத்து, வருகிற புதன்கிழமை அவளை அனுப்பினால் போதும் என்று மேரி இந்துமதியிடம் சொல்லியிருந்தாள். திருவிழாவில் போடும் நாடகத்துக்கு மூன்றாம் வாரத்தில் தேதி கிடைக்காமல், ஊர்க்கூட்டம் போட்டு ஒரு வாரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். கூட்டம் நடந்த நாளில் மேரி திருச்சியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள்.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். "அந்தப் புள்ளை இந்துமதிக்கு என்ன தெரியும். போனக் குடுங்க."

கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

அன்புச்செல்விதான் எடுத்தாள். மேரி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, "ஆத்தா, கணுக்காலுக்கு மேல கட்டைவிரலால அமுக்கு. அமுக்கிப் பத்து எண்ணு. எடுத்தியா? குழி விழுதா?" என்று கேட்டாள்.

"விழுது நர்ஸம்மா."

"மேல வருதா?"

உடம்பில் நீர் கோத்திருந்தால் அந்தக் குழி சீக்கிரம் நிரம்பாது. "இன்னும் வரல" என்றாள் அந்தப் பெண். கேட்காமலேயே, "மோதிரமும் கழல மாட்டேங்குது. ரெண்டு நாளா சோப்புப் போட்டுப் பாக்குறேன்" என்றாள்.

தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று கேட்டு, இரண்டும் இல்லை என்று தெரிந்ததும் மேரி ஒரு மூச்சு விட்டாள். "மாமியாகிட்ட குடு."

ராக்காயி போனை வாங்கினாள். "நீங்க எதுக்கு இப்பப் பேசிக்கிட்டு இருக்கீங்க? பச்ச ஒடம்பு. இருங்க, நேர்ல வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

அரை மணி நேரத்தில் ராக்காயி குளத்துக்கரை வழியாக வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று இருப்பாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவளுடைய ஒரே மகன் மேரியின் கையில் பிறந்தவன். துணியில் முடிந்து கொண்டுவந்த நாட்டுக்கோழி முட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, மேரியைப் பார்த்து முதலில் சொன்னது, "யாரு ஒங்கள எந்திரிச்சு உக்காரச் சொன்னா?"

"ராக்காயி, அவ இன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில இருக்கணும்."

"அந்தச் சின்ன நர்ஸு புதங்கெழமைன்னுச்சு."

"புதங்கெழமை காப்புக் கட்டியிருக்குமே. ராத்தங்க விடுவியா?"

ராக்காயி தரையில் உட்கார்ந்தாள். "அவ பிள்ளைய நம்ம கோயில் ஆத்தா பாத்துக்கிருவா" என்றாள், குரலை இறக்கி.

"பாத்துக்கிருவா. இல்லேங்கல. அவளுக்கு ஆயிரம் புள்ளை. ஒனக்கு இது ஒண்ணு."

கோழிக்கறியைப் பாதியில் விட்டுவிட்டு நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ராக்காயி என்னை ஒரு தடவை பார்த்தாள், சுவரிலிருந்த மாதா படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகுதான் உண்மையான சங்கதி வெளியில் வந்தது.

"அனுப்பி வக்கிறேன்னே வச்சுக்கங்க. தொணைக்கு யாரு? அவளுக்கு ஆத்தா இல்ல. நான் இந்த வருசம் முளைப்பாரி போடுறேன்னு நேந்திருக்கேன். அவ வயித்துப் புள்ளைக்காகத்தான் நேந்தேன். இன்னிக்குக் காப்புக் கட்டுனதும் நான் வெத தெளிக்கணும். அவள அங்கிட்டு அனாதையா விட்டுட்டு இங்கிட்டு நான் முளைப்பாரிய வளக்கவா?"

நியாயமான கேள்வி. மேரியிடம் பதில் இருந்தது.

"நான் போறேன் தொணைக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே காலைக் கீழே இறக்கினாள். இறங்கி நின்றதும் அவள் முகம் வெளுத்துப்போய், உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியை வீசியெறியலாமா என்று பார்த்தேன். அதில் மசாலா இருந்தது.

ராக்காயி எழுந்து அவள் தோளைப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணி எட்டாம் நாளு, ஒரு கொடம் தண்ணி தூக்குனேன். ஒரே ஒரு கொடம். பைப்படியில வச்சு என்னயப் பாத்து என்னா பேச்சுப் பேசுனீங்க. 'ஒனக்குப் புத்தி இருக்கா, ஒன் வயிறு என்ன தகர டப்பாவா'ன்னு ஊரே பாக்கக் கேட்டீங்க. இப்ப நான் கேக்குறேன். ஒங்க வயிறு தகர டப்பாவா?"

இருபத்தைந்து வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த கேள்வி அது. எனக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ராக்காயி சன்னல் பக்கம் போய் நின்றாள். குளத்துக்கு அக்கரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குகிற வரைக்கும் அப்படியே நின்றாள். திரும்பியபோது முடிவு செய்திருந்தாள்.

"வெதைய என் நாத்தனா தெளிக்கட்டும். நான் போறேன் அவ கூட. காப்புக்கு முன்னாடியே எல்லையத் தாண்டிர்றேன். ஆனா என் நேத்திக்கடன் கொறையக் கூடாது. எட்டு நாளு எல்லை தாண்டாம நான் இருக்க வேண்டியத, எனக்குப் பதிலா நீங்க இருக்கணும்."

"நான் எப்படி ராக்காயி? நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ."

"நீங்க வேதக்காரிதான். கட்டிலுக்கு ஏது வேதம்?" என்றாள் ராக்காயி. "இந்தக் கட்டிலுதான் எல்லை. பாத்ரூமுக்கு எறங்கலாம். இந்த அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நடை நடக்கலாம். வேற எதுக்கும் கால் கீழ படக் கூடாது."

அடுப்படிக்குப் போய் அவளே மஞ்சள்தூள் டப்பாவைத் தேடி எடுத்தாள். பூக் கட்டுகிற நூலை நாலாக மடித்து, மஞ்சளைக் குழைத்துத் தடவி, தலைமாட்டுப் பக்கத்துக் கட்டில் காலில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். கட்டும்போது ஏதோ முணுமுணுத்தாள். கட்டி முடித்துக் கையை நீட்டினாள்.

"அதையும் குடுங்க."

மேரி தலையணைக்குக் கீழே கையை விட்டுப் போனை எடுத்தாள். அதைப் பார்த்தாள். ராக்காயியைப் பார்த்தாள். கொடுத்துவிட்டாள். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் யாருடைய சொல்லுக்கும் அவள் இப்படிக் கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை.

"போனத் தெறக்குறதுக்கு 'ட' மாதிரி இழுக்கணும்" என்றாள் சின்னக் குரலில். பிறகு பழைய குரல் திரும்பிவிட்டது. "தலைவலிக்குதுன்னா ஒடனே சொல்லணும். கண்ணுல மின்னல் மாதிரி தெரியுதுன்னாலும் சொல்லணும். ஒண்ணுக்குக் கொறையுதான்னு பாக்கணும். உப்பு ஊறுகாய் கிட்டயே கொண்டு போகாத."

"தெரியும் தெரியும்" என்றாள் ராக்காயி. "இதத்தான எட்டு மாசமா சொல்றீங்க."

நாலரை மணிக்கு நான் வேனை எடுத்துக்கொண்டு வேங்கைப்பட்டிக்குப் போனேன். ஒரு மாதமாக ஓடாமல் நின்ற வண்டி, இங்கே ஒழுங்காகக் கிளம்பிவிட்டது. அங்கே ராக்காயி வீட்டு வாசலில் அணைத்ததுதான் தப்பு. மருமகளை ஏற்றி, பையை ஏற்றி, பிளாஸ்க்கை ஏற்றி, மாமியார் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினால் பேட்டரி செத்துக் கிடந்தது. எல்.கே.ஜி. பிள்ளைகள் உட்காருகிற தாழ்ந்த இருக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்புச்செல்வி என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தாள். அவள் முகமும் வீங்கியிருந்தது. மணி ஐந்தே முக்கால். கோயிலில் கொட்டுக்காரர்கள் மேளத்தைத் தீயில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

தெருவில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியை விட்டு இறங்கி வந்தார்கள். பூசாரி மலையாண்டி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து வேனைச் சுற்றிப் பார்த்தார். ராக்காயி சன்னல் வழியாகத் தலையை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"நர்ஸம்மா சொல்லியா போறீக?"

"ஆமா."

"அப்பச் சரி" என்றவர் கோயில் பக்கம் திரும்பி, "ஏப்பா, வேன் எல்லைக்கல்லத் தாண்டுற வரைக்கும் யாரும் கொட்டுல கை வக்கக் கூடாது" என்று குரல் கொடுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனின் பின்னால் அவரே முதல் ஆளாகக் கை வைத்தார்.

பதினைந்து பேர் தள்ளினார்கள். வண்டி ஒரு உறுமலோடு பிடித்துக்கொண்டது. அணைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் முதல் கியரிலேயே எல்லைக்கல் வரைக்கும் போனேன். கல்லைத் தாண்டி முன்னூறு அடி போயிருப்போம், பின்னால் மொத்த மேளமும் ஒன்றாக எழும்பியது. ராக்காயி திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு மருமகளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை போகிற வரைக்கும் அந்தக் காலை இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் ஒரு வார்த்தை கேட்காமல் படுக்கை கொடுத்துவிட்டார்.

அடுத்த நாட்கள் எங்கள் வீட்டில் இதுவரை இல்லாத மாதிரி இருந்தன. மேரி படுத்திருந்தாள். நான் கஞ்சி வைத்தேன், துணி துவைத்தேன், வாசலில் விசாரிக்க வந்தவர்களிடம் அவளுக்குப் பதிலாக நானே என் உடம்பைப் பற்றிச் சொல்வது போல விவரம் சொன்னேன். அவள் மேல்கூரையையும் கட்டில் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு தடவை தண்ணீர்ச் செம்பை எடுக்கக் காலைக் கீழே போடப் போனவள், நூலைப் பார்த்துவிட்டு, "ஏங்க, தண்ணி" என்று கூப்பிட்டாள். டாக்டரம்மா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் செய்யாததை நாலு இழை நூல் செய்தது.

நோயாளிகளுக்கு நன்மை கொடுக்க வந்த பங்குச் சாமியார் அந்த நூலைக் கவனித்துவிட்டார். எனக்கு வியர்த்தது. "அது வந்து சாமி, கட்டிலு ஆடிச்சு, அதுக்காக" என்று உளறினேன். மேரி கண்ணை மூடிக்கொண்டு, "ராக்காயி கட்டுனது சாமி. நான் எந்திரிக்கக் கூடாதுன்னு" என்று சொல்லிவிட்டாள். அவர் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்து, "கெட்டியாத்தான் கட்டியிருக்காங்க" என்றார். போகும்போது என்னிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மேரியின் போன் ஆஸ்பத்திரியில் ராக்காயியிடம் இருந்ததால், மேரிக்கு வந்த அழைப்பெல்லாம் ராக்காயிக்குப் போயிற்று. எங்கள் ஊர்ப் பெண்கள் வந்து என்னிடம் முறையிட்டார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி என்றைக்கு என்று கேட்டால், "அத இந்துமதிகிட்டக் கேளு. நீ சத்து மாத்திர போட்டியா?" என்று கேட்டுவிட்டு ராக்காயி வைத்துவிடுகிறாளாம். மாத்திரை போடவில்லை என்றவளுக்கு நல்ல திட்டும் கிடைத்திருக்கிறது. இதை நான் சொன்னபோது மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்கும் என்பதால் சத்தமில்லாமல் சிரித்தாள்.

தினமும் சாயங்காலம் ராக்காயி என் போனுக்குக் கூப்பிடுவாள். முதல் கேள்வி, "படுத்திருக்காகளா?" நான் ஆமாம் என்ற பிறகுதான் அங்கத்து நிலவரம் வரும். திங்கட்கிழமை பிரஷர் ஏறியிருந்தது. செவ்வாய்க்கிழமையும் இறங்கவில்லை. புதன்கிழமை மத்தியானம், மேரியே குறித்துவைத்த அதே புதன்கிழமை, கூப்பிட்டாள். "பொம்பளப் புள்ள. ரெண்டே முக்காக் கிலோ. நல்லா அழுகுது" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் முழுசாக இல்லை. "ஆத்தாக்காரிக்கு மட்டும் இன்னும் பிரசரு எறங்கல. ஊசி போட்டுத் தனியா வச்சிருக்காக."

மேரியிடம் சொன்னேன். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் நான் கற்கண்டு டப்பாவைத் திறந்துகொண்டு வந்தேன், அவள் வாங்கவில்லை. "பிள்ளை வந்துட்டா முடிஞ்சிருச்சுன்னு எல்லாரும் நெனப்பாங்க. இன்னும் ரெண்டு மூணு நாளு இருக்கு" என்றாள். எழுந்து ஓடிப் போக முடியாத ஆள், கூப்பிட்டுக் கேட்கப் போன் இல்லாத ஆள், சும்மா கிடந்து காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அந்த இரண்டு நாளும் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு ஒன்று தோன்றியது. இருபத்தாறு வருஷமாக ஏழு ஊர்ப் பெண்களையும் படுக்கச் சொன்னவள், படுத்துக்கிடப்பது என்றால் என்ன என்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

சனிக்கிழமை காலை என் போன் அடித்தது. மேரியின் படத்தோடு வீடியோ அழைப்பு. ராக்காயிக்கு வீடியோ எல்லாம் தெரியாது, எதையோ தவறுதலாக அழுத்தியிருக்கிறாள். எடுத்தால் திரை முழுக்க ஒரு காது. நரைமுடி ரெண்டு, சின்னத் தங்கத் தோடு ஒன்று. பின்னணியில் ஒரு குழந்தை அழுகிற சத்தம்.

"அண்ணே, படுத்திருக்காகளா?" என்றது காது.

நான் போனை மேரியிடம் நீட்டினேன். "ராக்காயி, போனக் காதுல வக்காத. முன்னாடி பிடி. எனக்கு ஒன் காதுதான் தெரியுது" என்றாள் மேரி.

காது விலகியது. மின்விசிறி தெரிந்தது, சுவர் தெரிந்தது, ராக்காயியின் மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். "பாருங்க, அப்படியே என் மகன்" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாக் குழந்தையையும் போலத்தான் இருந்தது.

"இருக்கட்டும் இருக்கட்டும். அவ காலக் காட்டு."

"பாப்பா காலா?"

"ஆத்தா காலு."

திரை மறுபடியும் எங்கெங்கோ சுற்றி, ஒரு கணுக்காலில் வந்து நின்றது. யாரும் சொல்லாமலே ராக்காயியின் கட்டைவிரல் அந்தக் காலில் போய் அழுந்தியது. அங்கே அவள் எண்ண ஆரம்பித்தாள், இங்கே மேரியின் உதடும் கூடவே எண்ணியது. குளத்துக்கு அக்கரையில் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து. விரலை எடுத்தாள். லேசாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நிரம்பி, தோல் பழையபடி சமமாகிவிட்டது.

"நர்ஸம்மா, மோதிரமும் கழண்டுருச்சு" என்று திரைக்கு வெளியிலிருந்து அன்புச்செல்வியின் குரல் கேட்டது.

மேரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த போன் மெல்லச் சரிந்தது. நான் என் கையை அதன் கீழே கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்கண்டு டப்பா எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் திரும்பவும் காது வந்துவிட்டது.

"என்ன பேச்சையே காணோம்" என்றாள் ராக்காயி. "படுத்துக்கிட்டுத்தானே பேசுறீங்க?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். மேரி எழுந்து, கட்டில் ஓரத்தில், இரண்டு காலையும் கீழே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாதம் தரையைத் தொட ஒரு விரற்கடைதான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், கட்டில் காலைப் பார்த்தாள். வாயில் விரலை வைத்து எனக்குச் சாடை காட்டிவிட்டு, சத்தம் வராமல் ஒவ்வொரு காலாக மேலே தூக்கி வைத்து, தலையணையில் தலை படிந்த பிறகு சொன்னாள்.

"படுத்துத்தான் இருக்கேன்."